தராசின் எண் யார் பக்கம்

றப்பர் தோட்டத்துப் பால் மடுவத்தில் காலை பதினொரு மணிக்கு மேல்தான் சத்தம் கூடும். வெயில் ஏறினால் மரம் பால் விடாது. அதனால் இருட்டோடு வெட்டப் போனவர்கள், ஆளுக்கு முந்நூறு மரம் அளவில் வெட்டி, சிரட்டை சிரட்டையாகப் பால் எடுத்து, வாளியோடு வந்து வரிசையில் நிற்பார்கள். கணக்கப்பிள்ளை வாளியைத் தராசில் வைக்கச் சொல்லுவார். கொஞ்சம் பாலை எடுத்துத் தண்ணீர் கலந்து அதில் மெட்ரோலாக் என்ற அளவைக் குழாயை மிதக்கவிடுவார். றப்பர் தண்ணீரைவிட இலேசானது. பால் கெட்டியாக இருந்தால் அந்தக் குழாய் கூடுதலாகத் தாழும், தண்ணீராக இருந்தால் மேலே நிற்கும். அதைப் பார்த்து, இந்தப் பாலில் உலர்ந்த றப்பர் இத்தனை சதவீதம் என்று முடிவாகும். சாதாரணமாக முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையில் வரும். நிறையைச் சதவீதத்தால் பெருக்கிக் கிடைக்கும் கிலோதான் அன்றைக்கு முழு நாள் பேரா அரை நாள் பேரா, மேலதிகக் கிலோவுக்குக் காசு உண்டா என்று சொல்லும்.

இந்த இரண்டு நிமிஷத்துக்குள் மூன்று தரப்பு நிற்கிறது. தராசையும் அதோடு வரும் மென்பொருளையும் காசு கொடுத்து வாங்கியது கம்பனி. அதைத் தினமும் கையில் பிடிப்பவர் கணக்கப்பிள்ளை. அதனால் அளக்கப்படுகிறவர் பால் வெட்டுகிறவர். இந்த மூவருக்கும் ஒரே பொருளைச் செய்து தருவது என் தொழில். வாங்குபவர் கேட்பதைச் செய்து கொடுத்தால் காசு வரும். கையில் பிடிப்பவருக்கு இலகுவாகச் செய்தால் பொருள் நிலைக்கும். மூன்றாமவருக்கு என்ன செய்தோம் என்று எந்த மீட்டிங்கிலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

நான் ருவான்வெல்லைப் பக்கத்து றப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். இப்போது கொழும்பில் ஒரு மென்பொருள் கம்பனியில் புரொடக்ட் மெனேஜர். தோட்டங்களுக்கான நிறுவை, செக்ரோல் என்கிற வரவுப் பதிவு, சம்பளக் கணக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த மென்பொருள் எங்களுடையது. என்ன வேலை என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்துவது எப்போதும் சிரமம்தான். "கொம்பியூட்டர்ல நீ எழுதுறியா?" "இல்லம்மா, அது வேற ஆளுங்க." "அப்ப கொண்டுபோய் விக்கிறியா?" "அதுவும் வேற ஆளுங்க. என்ன செய்யணும், எதை முதல்ல செய்யணும்னு நான் சொல்லணும்." அம்மா யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அப்ப கங்காணி வேலை." அதற்குமேல் நான் விளக்கவில்லை. கங்காணி சொன்னால் ஆட்கள் மலைக்குப் போவார்கள். நான் சொன்னால் "ஏன்?" என்று கேட்பார்கள். மற்றப்படி அம்மா சொன்னதில் பெரிய பிழை இல்லை.

இந்தத் தொழில் எங்கே பிறந்தது என்று தேடினால் எல்லோரும் காட்டுவது 1931 மே 13 தேதியிட்ட ஒரு குறிப்பை. அமெரிக்காவின் புரொக்டர் அண்ட் கேம்பிள் கம்பனியில் கமே சோப்பு விளம்பரத்தைக் கவனித்துவந்த நீல் மெக்எல்ராய் மூன்று பக்கத்தில் எழுதியது. அதே கம்பனியின் ஐவரி சோப்பு கமேயைத் தலையெடுக்க விடவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் அதன் நல்லது கெட்டதை முழுதாகப் பார்க்கத் தனி ஆட்கள் வேண்டும், அவர்கள் விற்பனை நடக்கும் ஊர்களுக்கே போய் எது ஏன் விற்கவில்லை என்று பார்க்க வேண்டும் என்று அவர் எழுதினார். பின்னாளில், 1957-இல், அமெரிக்காவின் பாதுகாப்புச் செயலாளராகவும் ஆனார். அந்தக் குறிப்பைப் பெரிய தத்துவமாக எடுத்து வைத்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது இரண்டு ஆட்களைக் கூடுதலாகச் சேர்க்க மேலிடத்தில் அனுமதி கேட்ட கடிதம். அப்படி வாசிக்கும்போதுதான் அதன்மேல் மதிப்பு கூடுகிறது. ஆள் கேட்கப் போனவர், அந்த ஆட்கள் செய்ய வேண்டிய வேலையை இவ்வளவு தெளிவாக எழுத வேண்டியிருந்திருக்கிறது. இன்றைக்கும் எங்கள் வேலையில் பாதி இதுதான்: அதிகாரம் இல்லாத இடத்தில் எழுத்தால் ஆட்களைத் திரட்டுவது.

டெவலப்பர்கள் எனக்குக் கீழே வேலை செய்வதில்லை. வடிவமைப்பாளரும் விற்பனை ஆட்களும் அப்படித்தான். அவரவருக்கு அவரவர் மேலாளர். பொருள் நன்றாக வந்தால் பெயர் எல்லோருக்கும். கெட்டால் கேள்வி எனக்கு. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களை முதலில் உலுக்குவது இதுதான். பதவிப் பெயரில் மெனேஜர் என்று இருப்பதை நம்பி வருகிறார்கள். சில மாதத்தில் சிலர் குரலை உயர்த்திப் பார்க்கிறார்கள், சிலர் எல்லோரையும் திருப்திப்படுத்தப் பார்க்கிறார்கள். இரண்டும் வேலைக்கு ஆகாது. மடுவத்தில் என்ன நடக்கிறது என்று நேரில் பார்த்து வந்தவன் பேசும்போது அறை தானாக அமைதியாகும் என்பதை நான் கண்டிருக்கிறேன். பார்த்து வந்தவனுக்குக் கிடைக்கிற அந்தக் கவனம்தான் இந்த வேலையின் ஒரே அதிகாரம்.

நான் இதற்குள் வந்தது வாடிக்கையாளர் உதவிப் பிரிவு வழியாக. தோட்டக் கந்தோர்களிலிருந்து வரும் போன்களுக்குப் பதில் சொல்லும் வேலை. சம்பளம் பத்தாம் திகதிக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் எட்டாம் ஒன்பதாம் திகதிகளில் போன் ஓயாது. "தம்பி, கணக்கு பூட்டமாட்டேங்குது." "தம்பி, ஒரே ஆள் ரெண்டு தரம் வருது." தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றிலும் திட்டு வாங்கலாம். கிளாக்கர்மார் பேசுவதைக் கேட்டுக்கேட்டு, மென்பொருளில் எந்தத் திரையில் எந்தப் பொத்தானுக்கு மனிதன் தடுமாறுகிறான் என்று எனக்கு மனப்பாடமானது. இப்போது என் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது, வணிக முகாமைத்துவப் பட்டத்தைவிட உதவிப் பிரிவில் இருந்த அனுபவத்துக்குத்தான் நான் மதிப்புப் போடுவேன். இதில் என்னோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு. போடட்டும்.

அந்த "ஒரே ஆள் ரெண்டு தரம்" என்கிற விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மென்பொருளை எழுதுகிறவர்களுக்கு ஒரு மனிதன் என்றால் முதற்பெயர், குடும்பப் பெயர், முகவரி. தோட்டத்தில் இந்த மூன்றும் இல்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு ஒரு பெயர். ஒரே பிரிவில் அதே எழுத்து, அதே பெயரோடு இன்னும் இரண்டு பேர். லயத்து வீடுகளுக்குப் பல இடங்களில் தனி முகவரி கிடையாது, தபால் தோட்டக் கந்தோருக்குத்தான் வரும். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டு, அடையாள அட்டையில் இன்னொன்று, செக்ரோலில் அந்தக் காலத்துக் கிளாக்கர் காதில் விழுந்தபடி மூன்றாவது. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதியை, ஓய்வு பெறும்போது இந்த எழுத்து வேறுபாட்டால் எடுக்க முடியாமல் அலைகிறவர்களைத் தோட்டத்தில் பிறந்த யாருக்கும் தெரியும். சத்தியக் கடதாசி, கிராம சேவகர், தொழில் திணைக்களம் என்று கடைசிக் காலம் போகும்.

கொழும்பில் இந்தப் பிரச்சினை "தரவுச் சுத்திகரிப்பு" என்ற தலைப்பில் வந்தது. ஒரே மாதிரிப் பெயர்களை மென்பொருளே கண்டுபிடித்து ஒன்றாக்கிவிடட்டும் என்று ஒருவர் சொன்னார். கேட்க அழகாக இருந்தது. தகப்பனும் மகனும், மாமியாரும் மருமகளும் ஒன்றாகிவிடுவார்கள் என்று நான் சொன்னேன். மென்பொருள் சந்தேகத்தை மட்டும் காட்டும், முடிவை மனிதன் எடுப்பான், எடுத்தவன் பெயர் பதிவாகும் என்று கடைசியில் வைத்தோம். அதோடு அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டை எழுத்துக்கு எழுத்து அப்படியே பதிய ஒரு தனிக் கட்டம். ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்துமான பழைய அடையாள இலக்கம், 2016-இலிருந்து வந்த பன்னிரண்டு இலக்கப் புதியது, இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம் என்பதும் அதில் சேர்ந்தது. டெமோவில் காட்டிக் கைதட்டு வாங்கும் விஷயம் இல்லை இது. ஒருவர் ஓய்வு பெற்றுத் தன் காசை எடுக்கப் போகும் நாளில்தான் இதன் பயன் தெரியும். அந்த நாளுக்காக இன்றைக்கு வேலை செய்யச் சொல்லி ஒரு குழுவைச் சம்மதிக்க வைப்பது இந்தத் தொழிலின் கடினமான பகுதிகளில் ஒன்று.

கைரேகைக் கதை இதைவிடச் சுருக்கமானது. வரவைக் கைரேகையால் பதியும் கருவிகளை வாங்கக் கம்பனிகள் ஆசைப்பட்டன. ஆள் மாறாட்டம் இருக்காது என்பது கணக்கு. பால் காய்ந்து ஒட்டிய விரலும், கத்தி பிடித்துத் தேய்ந்த விரலும் அந்தக் கண்ணாடியில் பதியாது. இது உலகம் முழுவதும் கையால் உழைக்கிறவர்களுக்கு உள்ள பிரச்சினைதான். கந்தோரில் இருப்பவர்களின் விரலை வைத்துச் சோதித்தால் கருவி நூற்றுக்கு நூறு வேலை செய்யும். எங்கள் குழுவில் இப்போது எந்தக் கருவியையும் மடுவத்துக்கு வெளியே பரிசோதித்ததாகச் சொன்னால் அது கணக்கில் வராது. மழையில் நனைந்திருக்க வேண்டும், சிக்னல் போயிருக்க வேண்டும், பற்றரி பாதியில் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்து மழை எப்படிப்பட்டது என்பதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை; 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் மலையே இறங்கிய மாவட்டம் இது. மென்பொருள் இணையம் இல்லாமல் நாள் முழுக்க ஓட வேண்டும், பிறகு சிக்னல் கிடைக்கும் இடத்தில் தானாகக் கணக்கை அனுப்ப வேண்டும். இதைச் செய்ய மாதக்கணக்கில் ஆகும் என்று டெவலப்பர்கள் சொன்னார்கள். அவர்களில் இருவரை மடுவத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வரும் வழியில் வேனிலேயே அவர்கள் அதை எப்படிச் செய்வது என்று வாதாடத் தொடங்கிவிட்டார்கள். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வாயைத் திறக்கவில்லை.

இனித் தராசுக்கு வருகிறேன். டிஜிட்டல் தராசு வந்ததால் தோட்டத்தில் நம்பிக்கை வந்துவிட்டது என்று விற்பனைத் தாள்களில் எழுதுவோம். பழைய தொங்கு தராசில் முள் எங்கே நிற்கிறது என்று வரிசையில் நிற்கிற யாரும் எட்டிப் பார்க்கலாம். புதுத் தராசில் எண் தெரியும் சின்னத் திரை இயக்குகிறவர் பக்கம் பார்த்திருக்கும். அவர் போனில் அது புளூடூத் வழியாகத் தானாகப் பதிந்துவிடும். ஆக முன்பு பார்க்க முடிந்ததும் இப்போது பார்க்க முடியாமல் போனது. தேயிலைத் தோட்டங்களில் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கிலோ கழிப்பது காலாகாலமாக உள்ள சண்டை. றப்பரில் அந்தச் சண்டை மெட்ரோலாக் சதவீதத்தில் ஒளிந்திருக்கிறது. பாலில் தண்ணீர் கலந்தால் காட்டிவிடும் கருவி அது. அதைப் படிப்பவர் ஒரு கோடு மேலே கீழே படித்தாலும் ஒரு ஆளின் கிலோ மாறும். யாரும் களவு செய்ய வேண்டியதில்லை, அவசரம் போதும்.

ஒரு தோட்டத்தில் ஓர் அக்கா, பேர் பதிந்து முடிந்ததும் கணக்கப்பிள்ளையிடம் கேட்டார்: "எவ்வளவுங்க ஐயா?" அவர் சொன்னார். அக்கா தலையாட்டிவிட்டு, தன் சேலைத் தலைப்பில் முடிந்திருந்த ஒரு சின்ன அட்டையை எடுத்து, பென்சிலால் குறித்துக்கொண்டார். வீட்டில் மகள் கூட்டிப் பார்ப்பாளாம். சம்பள நாளில் ஒப்பிடுவதற்கு. எங்கள் மென்பொருளின் பெருமைக்குரிய பகுதிகள் எல்லாவற்றுக்கும் இணையாக, அதே நேரத்தில், அதே மடுவத்தில், ஒரு பென்சில் கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. சந்தை ஆய்வு என்றால் எனக்கு இதுதான்: நம் பொருள் இருக்கும் இடத்தில் மக்கள் அதை நம்பாமல் பக்கத்தில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது.

நான் கேட்டது இரண்டு விஷயம். எண்ணைத் தொழிலாளி பக்கமும் காட்டும் இரண்டாவது திரை. ஒவ்வொரு நிறுவைக்கும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு சிறு துண்டு: திகதி, பாலின் நிறை, சதவீதம், உலர்ந்த கிலோ. இதற்குக் காசு கொடுக்கப் போவது கம்பனி. கம்பனிக்கு இதனால் என்ன லாபம் என்று விற்பனைத் தலைவர் கேட்டார். நியாயமான கேள்வி. அநீதி, உரிமை என்று அந்த மேசையில் பேசினால் எல்லோரும் மரியாதையாகக் கேட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் உதவிப் பிரிவின் பழைய பதிவுகளை எடுத்தேன். சம்பள நாளுக்கு அடுத்த வாரத்தில் தோட்டக் கந்தோர்களிலிருந்து வந்த அழைப்புகளில் கிலோ தகராறு எத்தனை, ஒவ்வொன்றையும் தீர்க்கக் கிளாக்கரும் கணக்கப்பிள்ளையும் எத்தனை மணி நேரம் பழைய புத்தகங்களைப் புரட்டுகிறார்கள், தகராறு முற்றிய பிரிவுகளில் மறுநாள் வேலைக்கு வந்தவர் தொகை எப்படி இறங்கியது. ஒரே தாளில் வைத்தேன். தோட்டத் துரைமாருக்கு வேலை பிரிக்கும் விடிகாலைப் பிரட்டில் ஆள் குறைவதைவிடப் பெரிய கவலை கிடையாது. திரை வந்தது. துண்டுக்குக் கடதாசிச் செலவு கூடுதல் என்று இழுத்தார்கள். மாதக் கடைசியில் மொத்தமாக ஒரு தாள், அதில் நாளுக்கு ஒரு வரி என்று இணங்கினோம். தீபாவளி முற்பணக் கழிவும் அதே தாளில் தனி வரியாக வந்தது. நான் கேட்டதில் பாதிதான் கிடைத்தது. இந்தத் தொழிலில் பாதி கிடைப்பது நல்ல வருடம்.

இல்லை என்று சொல்வதைப் பற்றி எல்லாப் புத்தகங்களும் எழுதுகின்றன. எப்படிச் சொல்வது என்றுதான் எழுதுகிறார்கள், யாருக்குச் சொல்வது என்பதைச் சொல்வதில்லை. ஒரு பெரிய வாடிக்கையாளர், தொழிலாளி மலையில் எந்த நேரத்தில் எங்கே நிற்கிறார் என்பதைப் போன் வழியாகப் பார்க்க வேண்டும் என்றார். விற்பனைப் பக்கம் சரி என்று வாக்குக் கொடுத்தும் ஆகிவிட்டது. தொழில்நுட்பமாக அது பெரிய வேலையே இல்லை. எத்தனை மரம் வெட்டப்பட்டது என்று தெரிவதுதான் உங்களுக்கு வேண்டும் என்றால், மரத்துக்கு மரம் பட்டையில் உள்ள வெட்டே சாட்சி, மேற்பார்வையாளர் அதைப் படமெடுத்துப் பதியட்டும் என்று மாற்று ஒன்றைக் கொண்டு போனேன். ஆளைக் கண்காணிப்பதும் மரத்தைக் கண்காணிப்பதும் வேறு வேறு. ஆழமாக வெட்டி மரத்தைக் காயப்படுத்துவதும் படத்தில் தெரியும், அது அவர்களுக்கு உண்மையாகவே தேவை. ஏற்றுக்கொண்டார்கள். ஏற்காமல் இருந்திருந்தால் அந்த ஒப்பந்தம் போயிருக்கும். என் வேலையும் போயிருக்கலாம்.

செய்யாமல் விட்ட இன்னொன்றையும் சொல்லலாம். 2019-இல் பெஸ்டலோஷியாப்சிஸ் என்ற பூஞ்சணத்தால் றப்பர் இலைகள் வட்டம் வட்டமாகப் புள்ளி விழுந்து உதிரத் தொடங்கின. ஏற்கெனவே விலையும் ஆள் பற்றாக்குறையும் சேர்ந்து, 2011-இல் ஒன்றரை இலட்சம் தொன்னைத் தாண்டியிருந்த நாட்டின் றப்பர் உற்பத்தி பத்து வருடத்துக்குள்ளேயே ஏறக்குறையப் பாதியாகிவிட்டிருந்தது. இலையைப் படமெடுத்தால் நோயைச் சொல்லும் ஒரு பகுதி வேண்டும் என்று எல்லாப் பக்கமிருந்தும் கேட்டார்கள். செயற்கை நுண்ணறிவு என்ற சொல் ஒட்டியிருந்தால் எதற்கும் காசு கிடைக்கும் காலம். மாதிரி ஒன்றைச் செய்து தோட்டத்துக்குக் கொண்டு போனோம். கள அதிகாரிகள் இலையைக் கண்ணால் பார்த்தே சொன்னார்கள்; போன் அதற்குப் பிறகுதான் சொன்னது. எந்த மலையில் எத்தனை வீதம் இலை உதிர்ந்திருக்கிறது, போன வருடம் இதே மாதம் எப்படி இருந்தது என்ற கணக்குத்தான் அவர்களுக்கு இல்லாமல் இருந்தது. நுண்ணறிவை மூடி வைத்துவிட்டு, ஒரு சாதாரணப் பட்டியலைச் செய்தோம். அது இன்றைக்கும் பாவனையில் இருக்கிறது.

காலம் கனியாத பொருளுக்கு றப்பரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பிரேசிலிலிருந்து ஹென்றி விக்காம் கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1876-இல் கன்றுகளாக இலங்கைக்கு வந்தன. கம்பஹாவின் ஹெனரத்கொடையில் நட்டார்கள். அதற்குப் பிறகு கால் நூற்றாண்டுக்குக் கிட்ட அவை தாவரவியல் பூங்காவின் அதிசயமாகவே நின்றன. கோப்பி பூஞ்சணத்தால் அழிந்து தோட்டக்காரர்கள் தேயிலைக்கு ஓடிக்கொண்டிருந்த நேரம். சிங்கப்பூரில் ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவி அதே இடத்தில் மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்து, தோட்டக்காரர்களைக் கண்டால் சட்டைப் பையில் விதையைத் திணிப்பாராம். கிறுக்கன் என்று பெயர் வைத்தார்கள். 1888-இல் டன்லொப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்து, பிறகு மோட்டார் கார் பெருகியபோதுதான் களனிப் பள்ளத்தாக்கு முழுதும் றப்பர் ஏறியது. எங்கள் பாட்டன்மார் அந்த அலையோடு வந்த ஆட்கள். பொருளும் இருந்தது, செய்முறையும் இருந்தது, வாங்குபவன் மட்டும் இன்னும் பிறக்கவில்லை. இளையவர்கள் தங்கள் யோசனையை யாரும் எடுக்கவில்லை என்று சோர்ந்து வரும்போது நான் ரிட்லியைச் சொல்வேன். எல்லா யோசனையும் றப்பர் இல்லை என்பதையும் சேர்த்துத்தான்.

தமிழர்களில் இந்தத் தொழிலிலிருந்து மேலே போன ஒருவரைக் காட்டு என்றால் பலரும் கிரிஷ் மாத்ருபூதத்தைச் சொல்லுவார்கள். திருச்சிக்காரர், சோஹோவில் புரொடக்ட் மெனேஜ்மென்ட் பக்கம் இருந்தவர். 2010-இல், வாடிக்கையாளர் சேவை மென்பொருள் ஒன்று விலையை ஏற்றியபோது இணையத்தில் எழுந்த கோபத்தையும், அதில் ஒருவர் எழுதிய ஒரு வரியையும் வாசித்து, சென்னையில் ஃபிரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். 2021 செப்டம்பரில் அந்தக் கம்பனி, ஃபிரெஷ்வர்க்ஸ் என்ற பெயரில், நாஸ்டாக் பங்குச்சந்தைக்குப் போனது. அந்த வரியை அன்றைக்கு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் வாசித்திருப்பார்கள். அதற்கு முந்திய பல வருடங்கள் அதே வகை மென்பொருளைச் செய்துகொண்டிருந்தவருக்கு மட்டும் அது வேலையாகத் தெரிந்தது. இந்தக் கதையை எல்லோரும் துணிச்சலுக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு இது ஒரே துறையில் நெடுநாள் இருப்பதன் கதை. மூன்று வருடத்துக்கொரு தடவை வங்கி, வாடகைக் கார், உடுப்புக் கடை என்று துறை மாறிப் பதவி ஏறுவது எங்கள் தொழிலில் இப்போது வழக்கமாகிவிட்டது. சம்பளம் ஏறும். முறைப்பாட்டைக் கேட்டவுடன் அதன் வேர் எங்கே என்று தெரியும் காது ஏறாது.

2022 வேறு ஒரு பள்ளிக்கூடம். மார்ச் மாதத் தொடக்கத்தில் இருநூறு சொச்ச ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் முந்நூற்று அறுபது. எங்கள் தரவு இருக்கும் சேர்வருக்கு டொலரில் கட்ட வேண்டும், தோட்டங்கள் எங்களுக்கு ரூபாவில் கட்டுகின்றன. மார்ச் கடைசியில் மின்வெட்டு பதின்மூன்று மணி நேரம் வரை போனது. நல்ல டெவலப்பர்கள் ஒவ்வொருவராகக் கனடா, அவுஸ்திரேலியா என்று விடைபெற்றார்கள். புதிதாக என்ன செய்யலாம் என்பதே அதுவரை என் வேலை. அந்த வருடம் எதை நிறுத்தினால் யாருக்கு வலிக்கும் என்பது வேலையானது. பழைய படங்களை மலிவான சேமிப்புக்கு மாற்றினோம், அறிக்கைகள் நிமிஷத்துக்கு நிமிஷம் புதுப்பிக்கப்படுவதை இரவில் ஒரு தடவை என்றாக்கினோம். தோட்டக் கந்தோர்களில் யாரும் கவனிக்கவே இல்லை. நிமிஷத்துக்கு நிமிஷம் என்பதைக் கேட்டு வாங்கியவர்கள் தலைமைக் கந்தோரில் இருந்தவர்கள். அவர்களும் அதைத் திறந்து பார்த்திருக்கவில்லை. சம்பளத் தாளில் மட்டும் கை வைக்கவில்லை. முந்திய வருடம்தான் நாட்கூலி 1000 ரூபா என்று வர்த்தமானியில் வந்திருந்தது, அந்த ஆயிரத்தின் பெறுமதி கண் முன்னே பாதியாகிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு ரூபாக் கணக்குக்கூட மங்கலாக இருக்கக் கூடாது என்று வாதாடினேன். அன்றைக்கு யாரும் மறுத்துப் பேசவில்லை.

இப்போது இதே தொழிலில் என் கீழ் இளையவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் தெஹியோவிட்டைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு தங்கச்சி. மீட்டிங்கில் இங்கிலீஷ் ஓடும் வேகத்தில் அவள் வாயைத் திறப்பதில்லை; மடுவத்துக்குப் போனால் அவளைச் சுற்றித்தான் கூட்டம். பேசப் பழகு என்று அவளுக்கு எல்லோரும் அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் மீட்டிங்கை மாற்றினேன். எந்த முடிவுக்கும் முதல் நாளே இரண்டு பக்கக் குறிப்பு சுற்றுக்கு வர வேண்டும், மீட்டிங்கின் முதல் கால் மணி நேரம் எல்லோரும் மௌனமாக அதை வாசிக்க வேண்டும். இப்படி மௌனமாக வாசிப்பது அமேசான் கம்பனியில் நெடுநாளாக உள்ள வழக்கம்தான். எழுத்தில் அவளுக்கு அவசரம் இல்லை. அவள் எழுதிய ஒரு குறிப்பில், பால் வெட்டுகிற பெண்கள் மாதத்தாளை வாங்கியதும் முதலில் பார்ப்பது மொத்தத்தை இல்லை, வேலைக்குப் போன நாட்களின் எண்ணிக்கையைத்தான், ஏனென்றால் அது அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண், அது சரியாக இருந்தால்தான் மற்றதை நம்புவார்கள் என்று இருந்தது. அத்தனை வருடம் அந்தத் தாளோடு இருந்த யாரும் அதை எழுதியதில்லை. நாட்களின் எண்ணிக்கையைத் தாளின் தலைக்கு ஏற்றினோம். பதவி உயர்வுக்கு அவள் பெயரை அனுப்பியபோது "பிரசன்டேஷன் போதாது" என்று குறிப்பு வந்தது. அந்தக் குறிப்பை நான் இரண்டு பக்கத்தில் திருப்பி அனுப்பினேன். உயர்வு கிடைத்தது.

இப்போது எங்கள் மேசையில் இருப்பது வேறு மாதிரிச் சிக்கல். சில பெருந்தோட்டக் கம்பனிகள் நாட்கூலியை விட்டு வருமானப் பகிர்வுக்கு மாறப் பார்க்கின்றன. ஒரு குடும்பத்துக்கு இத்தனை மரம் என்று பொறுப்புக் கொடுத்து, எடுக்கிற பாலின் விலையில் பங்கு கொடுப்பது. இது நல்லதா, சேமலாப நிதியும் மற்ற உரிமைகளும் என்ன ஆகும் என்பது தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டிய கேள்வி, கேட்கின்றன. எனக்கு உடனே எழுவது: இதுவரை அளக்கப்பட மட்டும் செய்தவர் இப்போது தன் போனில் எங்கள் மென்பொருளைத் திறக்கப் போகிறார். நாங்கள் செய்துவைத்திருக்கும் எதுவும் அவருக்காகச் செய்யப்பட்டதில்லை. முதல் திரையில் முதலில் எந்த எண் வர வேண்டும் என்பதிலேயே குழு மூன்றாகப் பிரிந்திருக்கிறது. அன்றைய கிலோ என்று டெவலப்பர்கள், ஏனென்றால் அது தராசிலிருந்து நேரே வருகிறது. கையில் கிடைக்கப் போகும் தொகை என்று விற்பனைப் பக்கம். கொழும்பு றப்பர் ஏலத்தில் அந்த வார விலை என்ன, அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்பது மேலே இருக்க வேண்டும் என்று நானும் தெஹியோவிட்டைத் தங்கச்சியும். ஏல விலையைக் காட்டினால் கேள்வி வரும் என்கிறார்கள். வரட்டும் என்கிறோம். மூன்று விதமாகவும் கடதாசியில் வரைந்து, அடுத்த மாதம் அவிசாவளைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொண்டுபோய் வைத்துக் கேட்கப் போகிறோம். வரைந்த மூன்றிலும் தீபாவளி முற்பணக் கழிவு கடைசி வரியில்தான் இருக்கிறது. அதை எங்கே வைப்பது என்று மட்டும் யாரும் சண்டை போடவில்லை.